தலைவர் குனிந்தால் நாடு குனிந்ததா?

2023 மே 21 இரவு. பப்புவா நியூ கினியின் தலைநகரான போர்ட் மோர்ஸ்பி விமான நிலையத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்திறங்குகிறார். வரவேற்கக் காத்திருந்த அந்நாட்டுப் பிரதமர் ஜேம்ஸ் மராப்பே அவரைக் கட்டித் தழுவுகிறார். பிறகு சட்டென்று குனிந்து விருந்தாளியின் காலைத் தொடுகிறார். மோடி அவருடைய தோளைப் பிடித்து நிமிர்த்துகிறார். சூரியன் மறைந்த பிறகு வந்து சேரும் விருந்தினருக்கு அரசு மரியாதை செய்யும் வழக்கம் அந்த நாட்டில் இல்லை. அன்று அதுவும் தளர்த்தப்பட்டிருந்தது.

சில நொடிகள் ஓடும் அந்தக் காணொளி இந்தியா முழுவதும் கைபேசிகளில் சுற்றியது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் மகிழ்ந்தார்கள், பெருமைப்பட்டார்கள். அந்தப் பெருமையைக் குறை சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். இந்தியப் பிரதமர் ஒருவர் வெளிநாட்டு விமான நிலையத்தில் இன்னொரு நாட்டுப் பிரதமரின் காலைத் தொட்டிருந்தால் இங்கே என்ன நடந்திருக்கும்? எந்தக் கட்சிக்காரர் பிரதமராக இருந்தாலும் நாடாளுமன்றம் ஒரு வாரம் நடந்திருக்காது. அதே செயல் இங்கிருந்து பார்த்தால் அன்பு, அங்கிருந்து பார்த்தால் அவமானம் என்றால், பார்க்கும் கண்ணில் ஏதோ கோளாறு இருக்கிறது.

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி தாய்மொழியிலேயே இருக்கிறது. நாளைக்குப் பத்து முறை சொல்லும் ‘வணக்கம்’, வளைதலையும் குனிதலையும் குறிக்கும் ‘வணங்கு’ என்ற வினையிலிருந்து வந்தது. கைகூப்பும் ஒவ்வொருவரும் எதிரே இருப்பவரிடம் ‘உனக்காக நான் கொஞ்சம் வளைகிறேன்’ என்றுதான் சொல்கிறார். அதே மொழிதான் யாருக்கும் தலை சாய்க்காத வீரனை ‘வணங்காமுடி’ என்று கொண்டாடுகிறது. இரண்டுக்கும் அப்பால் ‘காலில் விழுதல்’ என்று தனியாக ஒன்றும் உண்டு. வணக்கத்துக்குப் பதில் வணக்கம் உண்டு. காலில் விழுவதற்குப் பதிலாக யாரும் காலில் விழுவதில்லை. நாடுகளின் தலைவர்களைப் பற்றிப் பேசும்போதும் இந்த வேறுபாட்டைக் கைவிடாமல் இருப்பது நல்லது.

இந்த விவாதத்தில் உலகம் அதிகம் பார்த்த படம் 2009 நவம்பர் 14 அன்று டோக்கியோ அரண்மனையில் எடுக்கப்பட்டது. அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா, ஜப்பானியப் பேரரசர் அகிஹிட்டோவின் கையைக் குலுக்கியபடியே இடுப்பு வரை வளைந்து வணங்குகிறார். அமெரிக்காவில் ஒரே கொந்தளிப்பு. அமெரிக்க அதிபர் எவருக்கும் தலைவணங்க வேண்டியதில்லை என்றார் முன்னாள் துணை அதிபர் டிக் செனி. உடனே பழைய படங்களைத் தேடி எடுத்தார்கள். 1971-இல் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் அகிஹிட்டோவின் தந்தை ஹிரோஹிட்டோவின் முன் தலை தாழ்த்தி நிற்கும் ரிச்சர்ட் நிக்சன் அவற்றில் இருந்தார். 1994-இல் வெள்ளை மாளிகைக்கு வந்த அகிஹிட்டோவுக்கு பில் கிளிண்டன் லேசாகத் தலை சாய்த்ததே அப்போது செய்தியாகியிருந்தது.

ஆனால் டோக்கியோ படத்தின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டியது அதைவிடப் பழைய இன்னொரு படம். 1945 செப்டம்பர் 27 அன்று, போரில் தோற்ற ஹிரோஹிட்டோ அமெரிக்கத் தூதரகத்துக்கு வந்து தளபதி டக்ளஸ் மக்ஆர்தரைச் சந்தித்தார். கழுத்துப்பட்டி இல்லாமல், மேல் பொத்தான் திறந்த சட்டையுடன், கைகளை இடுப்பில் ஊன்றி நிற்கிறார் தளபதி. பக்கத்தில் முறையான கறுப்புக் கோட்டில் விறைத்து நிற்கிறார் பேரரசர். அந்தப் படத்தைப் பத்திரிகைகளில் வரவிடாமல் தடுக்க ஜப்பானிய அரசு முயன்றது. ஆக்கிரமிப்பு நிர்வாகம் அந்தத் தடையை நீக்கிப் படத்தை வெளியிட வைத்தது. யாரும் யாருக்கும் குனியாத படம்தான் அது. ஒரு தேசம் மண்டியிட்டதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய படம் வேறில்லை. 64 ஆண்டுகள் கழித்து, வென்ற நாட்டின் அதிபர் தோற்றவரின் மகன் முன் குனிந்தபோது, அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அமெரிக்காவின் படைத்தளங்கள் அன்றும் ஜப்பான் மண்ணில்தான் இருந்தன.

ஒபாமாவிடம் தவறு இருந்தது உண்மை. அது மானத்தில் வந்த தவறல்ல, முறையில் வந்த தவறு. ஜப்பானில் வணக்கத்துக்கு அளவு உண்டு. தெரிந்தவரைக் கடக்கும்போது 15 டிகிரி, மரியாதைக்குரியவருக்கு 30, ஆழ்ந்த நன்றிக்கும் மன்னிப்புக்கும் 45 என்று பள்ளியிலும் அலுவலகத்திலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கைகுலுக்கிக்கொண்டே குனிவது இந்தக் கணக்கில் எங்கும் வராது. அந்த ஊரில் குனிவது கீழே இருப்பவரின் வேலை மட்டுமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1991-இல் நாகசாகி மாவட்டத்தின் உன்சென் எரிமலை வெடித்து மக்கள் முகாம்களில் தங்கியிருந்தபோது, பேரரசர் அகிஹிட்டோவும் பேரரசி மிச்சிக்கோவும் அங்கே போய், தரையில் மண்டியிட்டு, பாதிக்கப்பட்டவர்களின் கண்ணுக்கு நேராக இருந்து பேசினார்கள். அகிஹிட்டோவின் தந்தையைத்தான் 1945 வரை கடவுளின் வழித்தோன்றலாக அந்த நாடு வழிபட்டது. 2013 டிசம்பரில் இதே தம்பதி சென்னைக்கு வந்து கலாக்ஷேத்ராவைப் பார்த்தார்கள். வணக்கத்துக்கு வணக்கம் சொல்லும் ஊருக்கு, வணக்கத்துக்கு வணக்கம் செய்யும் நாட்டிலிருந்து வந்த விருந்தாளிகள் அவர்கள்.

குனிவது குடியரசுக்கு இழுக்கு என்று சொல்லும் அமெரிக்கர்கள் தங்கள் இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸை மறந்துவிடுகிறார்கள். அதிபராவதற்கு முன், விடுதலை பெற்ற அமெரிக்கா பிரிட்டனுக்கு அனுப்பிய முதல் தூதராக 1785 ஜூன் 1 அன்று அவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் முன் போய் நின்றார். எந்த மன்னனை எதிர்த்து எட்டாண்டுக் காலம் போர் நடந்ததோ, அதே மன்னன். அரண்மனை முறைப்படி கதவருகே ஒருமுறை, பாதி வழியில் ஒருமுறை, மன்னரின் எதிரில் ஒருமுறை என்று மூன்று தடவை குனிந்து வணங்கியதை ஆடம்ஸே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மன்னரின் குரலும் தழுதழுத்தது. பிரிவினைக்குக் கடைசியாகச் சம்மதித்தவன் தான் என்றும், சுதந்திர நாடாக அமெரிக்காவின் நட்பை முதலில் ஏற்பவனும் தானே என்றும் அவர் பதில் சொன்னார். போர்க்களத்தில் வென்று, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு செய்த வணக்கம் அது. அதில் ஆடம்ஸோ அவர் நாடோ இழந்தது எதுவுமில்லை.

கட்டாயப்படுத்திப் பெறும் வணக்கத்தின் கதை வேறு. அதை முழுதாகப் பார்க்கச் சீனாவுக்குத்தான் போக வேண்டும்.

சிங் வம்சப் பேரரசரின் முன் வருபவர் மூன்று முறை மண்டியிட வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை நெற்றி தரையில் படவேண்டும். ஆக ஒன்பது. 1793-இல் வணிக உரிமை கேட்டு வந்த பிரிட்டிஷ் தூதர் மக்கார்ட்னி பிரபு இதற்கு ஒப்பவில்லை. அவர் வைத்த மாற்று யோசனை கூர்மையானது. தனக்கு இணையான பதவியில் உள்ள சீன அதிகாரி ஒருவர் மூன்றாம் ஜார்ஜின் உருவப்படத்தின் முன் அதே வணக்கத்தைச் செய்தால், தானும் செய்யத் தயார் என்றார். சீனர்கள் ஏற்கவில்லை. கடைசியில் தன் மன்னருக்குச் செய்வதுபோல ஒரு காலை மட்டும் மண்டியிட்டுப் பேரரசர் சியென்லுங்கை வணங்கினார். கேட்டது எதுவும் கிடைக்காமல் திரும்பினார். இரண்டு ஆண்டுகளுக்குள் ஐசக் டிட்சிங் தலைமையில் வந்த டச்சுத் தூதுக்குழு, சொன்ன இடத்திலெல்லாம் நெற்றியைத் தரையில் வைத்தது. அவர்களுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. 1816-இல் வந்த ஆம்ஹெர்ஸ்ட் பிரபு மறுத்தார். பேரரசரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பப்பட்டார்.

வணங்கியவனுக்கும் ஒன்றுமில்லை, மறுத்தவனுக்கும் ஒன்றுமில்லை. பிரிட்டன் கேட்டதைப் பிறகு பெற்றுத் தந்தவை போர்க்கப்பல்கள். அபினிப் போரில் தோற்ற சீனா 1842-இல் நான்ஜிங் ஒப்பந்தத்தில் ஹாங்காங்கை எழுதிக் கொடுத்தது. 1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் பழைய கோடை அரண்மனையைக் கொள்ளையடித்துக் கொளுத்தியபோது, மக்கார்ட்னி பரிசாகக் கொடுத்திருந்த பீரங்கிகள் பயன்படுத்தப்படாமல் அங்கேயே கிடந்தன. ஆகவே மக்கார்ட்னியின் மறுப்பைச் சுயமரியாதையின் வெற்றியாக மட்டும் படிக்க முடியாது. தலை வணங்க மறுத்த அதே சாம்ராஜ்யம்தான் பிறகு சீனாவின் தலையை அழுத்திப் பிடித்தது.

இதற்கு ஒரு கசப்பான தொடர்ச்சியும் உண்டு. 1900-இல் வெளிநாட்டவருக்கு எதிராக எழுந்த பாக்ஸர் கிளர்ச்சியின்போது பெய்ஜிங்கில் ஜெர்மன் தூதர் கெட்டலர் கொல்லப்பட்டார். அதற்கு மன்னிப்புக் கேட்க, சீனப் பேரரசரின் தம்பி இளவரசர் சுன் 1901-இல் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர் என்ன கேட்டார் தெரியுமா? இளவரசருடன் வருகிற பரிவாரம் தன் முன் நெற்றி தரையில் பட விழ வேண்டும் என்றார். காட்டுமிராண்டி வழக்கம் என்று ஐரோப்பா நூறு ஆண்டுகளாக ஏசிய அதே வணக்கம்! பதினெட்டு வயது இளவரசர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிலேயே பயணத்தை நிறுத்திக்கொண்டார். உடல்நலமில்லை என்று சொல்லப்பட்டது. தந்திகள் பறந்தன. ஜெர்மனி இறங்கி வந்தது. செப்டம்பர் 4 அன்று போட்ஸ்டாம் அரண்மனையில் இளவரசர் மட்டும் நின்றபடி மூன்று முறை குனிந்தார். படைபலத்தில் முற்றிலும் தோற்றுக் கிடந்த நாடு அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்கு முன்பே கிழக்கில் காற்று மாறியிருந்தது. 1873-இல் பெய்ஜிங்கில் வெளிநாட்டுத் தூதர்கள் தரையில் விழாமல் சீனப் பேரரசரைச் சந்தித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் சயாமின் இளம் மன்னர் சுலலங்கோன், தன் முன் குடிமக்கள் தரையில் விழுந்து கிடக்கும் வழக்கத்தை நீக்கி ஆணையிட்டார். அதற்குச் சற்று முன்புதான் அவர் சிங்கப்பூர், ஜாவா, இந்தியா என்று சுற்றிப் பார்த்துத் திரும்பியிருந்தார். வணங்கப்படுபவரே வேண்டாம் என்று சொன்ன அந்த ஆணை, மறுத்தவர்களின் வீரத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்வி 1911 டிசம்பர் 12 அன்று டெல்லி தர்பாரில் எழுந்தது. ஐந்தாம் ஜார்ஜின் அரியணையின் முன் சமஸ்தான மன்னர்கள் ஒவ்வொருவராக வந்து மும்முறை வணங்கி, முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து விலக வேண்டும் என்பது உத்தரவு. பரோடாவின் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் நகைகள் பெரிதாக எதுவுமின்றி, கையில் ஒரு கைத்தடியோடு வந்தார். ஒருமுறை தலையை அசைத்தார். திரும்பி நடந்தார். திரைப்படச் சுருளில் பதிவான அந்த நடை லண்டன் கொட்டகைகளில் ஓடியது. பத்திரிகைகள் ராஜத் துரோகம் என்று கத்தின. சயாஜிராவ் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. பதற்றத்தில் முறை தவறிவிட்டது என்பது அவர் சொன்ன விளக்கம். வேண்டுமென்றே செய்தாரா, தடுமாறினாரா என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். அதைவிட முக்கியம், ஒரு முதுகு திரும்பியதைப் பார்த்து ஒரு சாம்ராஜ்யம் பதறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அம்பேத்கர் என்ற இளைஞரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்பியது இதே மன்னரின் உதவித்தொகைதான்.

சயாஜிராவுக்கு மறுக்கும் உரிமை இல்லை. ஒபாமாவுக்கு இருந்தது. ஆடம்ஸுக்கும் இருந்தது. ஒரு வணக்கத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: இவர் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்தது, மக்கார்ட்னி கேட்டது: எதிரே இருப்பவரும் இதையே திருப்பிச் செய்வாரா? இரண்டுக்கும் நல்ல பதில் கிடைக்குமானால் அந்த வணக்கம் விருந்தோம்பலின் பகுதி. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது போன்றது.

எதிர்ப்பவர்களின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு நாட்டின் தலைவர் வெளிநாட்டில் நிற்கும்போது அந்த உடல் அவருடையது மட்டுமல்ல. கோடிக்கணக்கானவர்கள் அந்த முதுகுக்குள் நிற்கிறார்கள். நாடுகள் எல்லாம் இறையாண்மையில் சமம் என்று ஐ.நா. சாசனத்தின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. அதில் பெரிய நாடு, சின்ன நாடு கிடையாது. வயதில் மூத்தவர், இளையவரும் கிடையாது. இந்தியக் கொடிச் சட்டம், எந்த மனிதருக்காகவும் பொருளுக்காகவும் தேசியக்கொடியைத் தாழ்த்தி வணங்கக் கூடாது என்கிறது. கொடிக்கு உள்ள அந்தக் கண்ணியம் கொடியைச் சுமப்பவருக்கும் ஓரளவு உண்டு. அந்த வகையில் போர்ட் மோர்ஸ்பியில் நடந்தது நடந்திருக்க வேண்டாம். மராப்பேயை யாரும் வற்புறுத்தவில்லை, அவருடைய அன்பிலும் ஐயமில்லை. ஆனால் அது திருப்பிச் செய்ய முடியாத வணக்கம். 1975-இல்தான் ஆஸ்திரேலியாவிடமிருந்து விடுதலை பெற்ற நாட்டின் பிரதமர் அவர். இருநூறு ஆண்டுகள் அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டின் குடிமக்கள், இன்னொரு முன்னாள் காலனி குனிவதைக் கண்டு கைதட்டியிருக்கக் கூடாது.

அதே சமயம், எல்லோரும் கழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பேனா என்ன எழுதுகிறது என்பது கண்ணில் படாமல் போகிறது. சவூதி மன்னர்கள் முன் அமெரிக்க அதிபர்கள் நடந்துகொண்டதைப் பற்றிய சண்டைகள் இதற்கு நல்ல சான்று. 2005-இல் ஜார்ஜ் புஷ், அப்போது பட்டத்து இளவரசராக இருந்த அப்துல்லாவின் கையைப் பிடித்தபடி தன் டெக்சாஸ் பண்ணையில் நடந்தார். 2009-இல் லண்டனில் அதே அப்துல்லாவுக்கு ஒபாமா குனிந்தாரா என்று வாதாடினார்கள். 2017 மே மாதம் ரியாத்தில் மன்னர் சல்மான் பதக்கம் அணிவித்தபோது டொனால்ட் டிரம்ப் முழங்காலை மடக்கியது வணக்கமா இல்லையா என்று கோணம் அளந்தார்கள். அதே பயணத்தில் 110 பில்லியன் டாலர் மதிப்புள்ள ஆயுத விற்பனை அறிவிக்கப்பட்டது. அப்போது ஏமனில் சவூதி விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருந்தன. முழங்கால் எத்தனை அங்குலம் மடங்கியது என்பதைப் பேசிய நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட அந்த ஆயுதங்கள் எங்கே விழும் என்பதைப் பேசுவதற்குச் செலவாகவில்லை.

வரலாற்றில் நிலைத்த வணக்கங்களோ இந்தக் கணக்குக்குள் வராதவை. அவை பலமுள்ளவர்கள் தாங்களே முன்வந்து, கீழ்நோக்கிச் செய்தவை.

1970 டிசம்பர் 7. மேற்கு ஜெர்மனியின் சான்சலர் வில்லி பிராண்ட், வார்சாவில் யூதச் சேரி எழுச்சியின் நினைவுச்சின்னத்துக்கு மலர்வளையம் வைக்கிறார். ரிப்பனைச் சரிசெய்கிறார், இரண்டடி பின்னால் வருகிறார், ஈரக் கல்தரையில் இரண்டு முழங்கால்களையும் ஊன்றி மண்டியிடுகிறார். நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. நாஜிகளிடமிருந்து தப்பி நார்வேயிலும் ஸ்வீடனிலும் வாழ்ந்த மனிதர் அவர். அவர் கையில் ரத்தம் இல்லை, மன்னிப்புக் கேட்கும் கடன் அவருக்கு இல்லை. அவருடைய நாட்டுக்கு இருந்தது. ஜெர்மனியில் ‘டெர் ஷ்பீகல்’ இதழ் எடுத்த கருத்துக்கணிப்பில் 48 சதவீதம் பேர் இது மிகை என்றார்கள், 41 சதவீதம் பேர் சரி என்றார்கள். அன்றே போலந்துடன் கையெழுத்தான ஒப்பந்தம், ஓடர்–நைஸே நதிகளை ஒட்டிய போலந்தின் மேற்கு எல்லையை ஏற்றுக்கொண்டது. முழங்காலும் பேனாவும் ஒரே நாளில் ஒரே சொல்லைச் சொன்னதால்தான் அந்தப் படம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பேசுகிறது.

2011 மே 17 அன்று டப்ளின் நகரின் நினைவுப் பூங்காவில் இரண்டாம் எலிசபெத் அரசி நின்றார். அயர்லாந்தின் விடுதலைக்காக உயிர் விட்டவர்களின் நினைவிடம் அது. அவர்கள் எதிர்த்து நின்றது இவருடைய மகுடத்தை. விடுதலைக்குப் பின் அதுவரை எந்த பிரிட்டிஷ் அரசரும் அந்த நாட்டில் கால் வைத்ததில்லை. கடைசியாக வந்தவர் இவருடைய தாத்தா, டெல்லி தர்பார் கண்ட அதே ஐந்தாம் ஜார்ஜ், அதே 1911-இல். உலகமே தன் முன் குனிந்து பழகிய பெண்மணி மலர்வளையம் வைத்துவிட்டுத் தலையைத் தாழ்த்தினார். அதற்கு முன்பே, 1998-இல், வட அயர்லாந்தின் அமைதிக்கான புனித வெள்ளி ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது.

2019 ஏப்ரலில் வத்திக்கானில் நடந்தது இன்னும் வியப்பானது. தென் சூடானின் உள்நாட்டுப் போரில் எதிரெதிர் நின்ற அதிபர் சல்வா கீரையும் ரியக் மச்சாரையும் போப் பிரான்சிஸ் அழைத்திருந்தார். போப் ஒரு மதத்தலைவர் மட்டுமல்ல, ஒரு நாட்டின் தலைவரும்கூட. 82 வயது, நடக்கச் சிரமம். உதவியாளர்கள் தாங்கிப் பிடிக்க, தரையில் மண்டியிட்டு, அவர்களுடைய காலணிகளை முத்தமிட்டு, சமாதானத்தைக் குலைக்காதீர்கள் என்று கெஞ்சினார். 2020 பிப்ரவரியில் இருவரும் சேர்ந்து அரசு அமைத்தார்கள். அந்த அமைதி இன்றுவரை உறுதிப்படவில்லை. ஆனாலும் அன்று சிறுமைப்பட்டது போப் என்று எவரும் சொல்லவில்லை.

இந்த வகை வணக்கம் ஒன்றுக்காக இந்தியாவும் காத்திருக்கிறது. அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கின் செங்கல் சுவரில், 1919 ஏப்ரல் 13 அன்று பிரிட்டிஷ் படை அதிகாரி டயரின் சிப்பாய்கள் சுட்ட குண்டுகளின் தடங்களைச் சுற்றி வெள்ளைக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். சாவு எண்ணிக்கை 379 என்றது அரசு. அதைவிட மிக அதிகம் என்றது இந்தியத் தரப்பு. 1997 அக்டோபரில் எலிசபெத் அரசி அங்கே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மலர்வளையம் வைத்து மௌனமாக நின்றார். 2013 பிப்ரவரியில் பதவியிலிருந்த பிரிட்டிஷ் பிரதமர் ஒருவர் முதன்முறையாக வந்தார். டேவிட் கேமரூன் நினைவுத் தூணின் முன் தலை தாழ்த்தினார், பார்வையாளர் புத்தகத்தில் வெட்கக்கேடான நிகழ்வு என்று எழுதினார். 2019-இல், நூற்றாண்டு நாளுக்கு மூன்று நாள் முன்பு, பிரதமர் தெரசா மே லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை.